மலையில் இருந்தால்தான் பழங்குடியா? சமவெளி இருளரின் உடல்நலம் யார் பொறுப்பு?

திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிக்கரையில் குடிசை போட்டு வாழும் ஓர் இருளர் குடும்பத்தில் ஒருவருக்குக் காசநோய் வருகிறது. அந்த நோய்க்கு எந்தத் துறை பதில் சொல்ல வேண்டும்? கேள்வி எளிமையானதுதான், பதில் அவ்வளவு எளிதல்ல. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கையில் பள்ளி, விடுதி, வீடு, உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. மருத்துவமனையும் செவிலியரும் அதன் கையில் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறையின் கையில் மருத்துவமனை, செவிலியர், மருந்து எல்லாம் இருக்கின்றன. ஆனால் சமவெளியில் வாழும் இருளரைத் தனியாக அடையாளம் கண்டு தேடிப் போகும் ஏற்பாடு அதனிடம் இல்லை. இரண்டு துறைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு மக்கள் கூட்டமே விழுந்து கிடக்கிறது.

இந்தப் பள்ளம் தானாக உண்டானதல்ல. பழங்குடி என்றால் மலையில் இருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்ட விதிகளால் உண்டானது. திருவேற்காட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். கூவம் ஓடும் இந்த ஊரைச் சுற்றி மலையும் இல்லை, காடும் இல்லை. ஊர்ப் பெயரில் மட்டும்தான் காடு மிச்சமிருக்கிறது. இந்த மாவட்டத்தின் பழங்குடிகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதைச் சமவெளியில் நின்றுதான் பேச வேண்டும்.

எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் பேர், அதாவது மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம். பட்டியலில் அப்போது இருந்தவை 36 பழங்குடிகள். அவர்களில் மலையாளிகளுக்கு அடுத்து எண்ணிக்கையில் பெரியவர்கள் இருளர், ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு சேர்த்து இருளரையும் 'மிகவும் நலிவுற்ற பழங்குடி' என்று ஒன்றிய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. இந்த ஆறில் மற்ற ஐந்தைச் சொன்னால் நமக்கு நீலகிரிதான் நினைவுக்கு வரும். இருளரும் நீலகிரியிலும் கோவை மலைகளிலும் இருக்கிறார்கள். ஆனால் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை எனச் சமவெளி மாவட்டங்களில் வாழும் இருளர் மிகப் பெருந்தொகையினர்.

இங்கே அவர்கள் செங்கல் சூளையில் கல் அறுக்கிறார்கள், அரிசி ஆலையில் நெல் காய வைக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், ஏரியிலும் ஆற்றிலும் கையால் தடவி மீனும் இறாலும் பிடிக்கிறார்கள், வயலில் எலி பிடிக்கிறார்கள். பெரும்பாலும் புறம்போக்கில் குடியிருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் பத்து வீடு, அடுத்த கிராமத்தில் இருபது வீடு என்று சிதறி இருக்கிறார்கள். ஒரு வார்டு உறுப்பினரைக்கூட அவர்களுடைய வாக்குகளால் மட்டும் தேர்ந்தெடுத்துவிட முடியாது.

நிலத்தைப் பார்த்து எழுதப்பட்ட விதி

அரசு சுகாதார நிலையங்களை எந்த அளவுகோலில் அமைக்கிறார்கள் என்று பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி என்றால் அது 3,000, 20,000 என்று குறைகிறது. நகரத்தில் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். பழங்குடிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை விதி ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் கவனத்தைப் பழங்குடிக்குத் தரவில்லை, 'பழங்குடிப் பகுதி'க்குத் தருகிறது. கொல்லிமலையில் இருப்பவருக்கு ஒரு கணக்கு, பூந்தமல்லி வட்டத்தில் இருப்பவருக்கு வேறு கணக்கு.

இதே வடிவம் மற்ற இடங்களிலும் தொடர்கிறது. ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டங்கள் ஜவ்வாது மலை, ஏற்காடு, கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை போன்ற மலைகளை மையமாக வைத்தவை. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளிலும் எளிதில் போக முடியாத இடங்களிலுமே இருக்கிறார்கள். காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடி நோயாளிக்குப் போக்குவரத்துக்காக 750 ரூபாய் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதுவும் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதியில் வாழ்பவருக்குத்தான். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. மருத்துவர் அபய் பங் தலைமையில் ஒன்றிய அரசு அமைத்த பழங்குடி சுகாதாரத்துக்கான வல்லுநர் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. நாட்டில் பழங்குடிகள் பெரும்பான்மையாக வாழும் ஒன்றியங்கள் 809. ஆனால் பழங்குடி மக்களில் 50 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த 809க்கு வெளியே வாழ்கிறார்கள் என்று அக்குழு சொன்னது. நுரையீரல் காசநோய் பழங்குடிகளிடம் லட்சத்துக்கு 703 பேர் என்ற அளவில் இருக்கிறது, நாட்டின் மொத்தக் கணக்கோ லட்சத்துக்கு 256 என்றும் அதே அறிக்கை காட்டியது. நோய் இரண்டரை மடங்குக்கு மேல். அந்த மக்களில் பாதிக்கு மேற்பட்டோரோ திட்டத்தின் எல்லைக்கு வெளியே.

திருவேற்காடு போன்ற நகராட்சிகளில் இது இன்னும் மோசமாகிறது. 2011இல் 62 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த இந்த ஊர் அதற்குப் பிறகு எவ்வளவு பெருத்துவிட்டது என்பதை இங்கே வாழும் எல்லோரும் அறிவோம். வயலும் ஏரிக்கரையும் மனைப்பிரிவாக மாறும்போது அங்கே மீன் பிடித்து, எலி பிடித்து வாழ்ந்தவர்கள் முதலில் நகர்த்தப்படுகிறார்கள். நகராட்சியின் கணக்கில் அவர்கள் 'நகர்ப்புற ஏழைகள்'. பழங்குடி என்ற சொல்லே அந்தப் பதிவேட்டில் தேவைப்படாமல் போகிறது.

சராசரிக்குள் மறைந்துபோகும் நோய்

திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 37 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவரைவிடச் சற்று அதிகம். தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்ட வாரியாகத் தகவல் தருகிறது. குழந்தைகளின் எடைக்குறைவு, பெண்களின் ரத்தசோகை, பிரசவம் எங்கே நடந்தது என்று பலவும் அதில் இருக்கும். இருளர் என்று பிரித்துக் காட்டும் கட்டம் மட்டும் அதில் இல்லை. நூறு பேரில் 99 பேருக்கு நிலைமை முன்னேறினால் மாவட்டத்தின் சராசரி அழகாக உயரும். அந்த ஒருவர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் சராசரி அசையாது. சென்னைக்கு அருகில் உள்ள மாவட்டம், நல்ல எண்கள், எனவே சிக்கல் இல்லை என்று கோப்பு மூடப்படும்.

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு நாட்டின் சிறந்த அமைப்புகளில் ஒன்று என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 1939லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் இயற்றிய மாகாணம் இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. இவ்வளவு செய்யும் அமைப்பு இருளர் குடிசைக்கு முன்னால் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்பதுதான் நம் கேள்வி. வாசலைத் தேடிப் போகும் திட்டத்துக்கு ஒரு நிலையான வாசல் வேண்டும். ஆண்டில் பாதி நாள் சூளையில் இருக்கும் குடும்பத்தின் வாசல் எது?

முன்பணமும் மாத்திரையும்

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். செங்கல் சூளையின் வேலைக்காலமும் ஏறத்தாழ அதே ஆறு மாதம். மழை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போகிறார்கள். சொந்த ஊரில் நோய் கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சையின் நடுவில் இடம் மாற வேண்டும். சூளையில் கண்டுபிடிக்கப்பட்டால், மழை வந்து சூளை மூடும்போது மீண்டும் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் மாத்திரை நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. பாதியில் நின்ற காசநோய் சிகிச்சை, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும்.

வேலை செய்யும் இடத்தைவிட்டு ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய்வருவது முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட தொழிலாளியின் விருப்பத்தில் இல்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் அப்போது நாடு முழுவதும் பரவியது. கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்து நாம் கண்ணீர் விட்டோம். அப்படிக் கட்டுப்பட்டுக் கிடக்கும் ஒருவருக்கு நெஞ்சுவலியோ பிரசவ வலியோ வந்தால் யார் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும் என்று அன்று யாரும் விவாதிக்கவில்லை. கொத்தடிமை முறையைத் தொழிலாளர் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையும்கூட.

மாதாமாதம் ஊட்டச்சத்துக்காகக் காசநோயாளிக்குத் தரும் தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல செய்தி. ஆனால் அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். குடும்ப அட்டைக்கு முகவரி வேண்டும். புறம்போக்கில் இருப்பவருக்கு முகவரியே ஒரு வழக்கு. எந்தத் திட்டத்தைத் தொட்டாலும் அது இன்னொரு தாளில் போய் நிற்கிறது.

ஊருக்கு மருந்து கொடுத்தவர்கள்

இருளருக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் உள்ள உறவை அரசிடம் கையேந்தும் உறவாகவே பார்ப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து பாம்பின் விஷத்திலிருந்தே தயாராகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷமும் அதற்கு வேண்டும். இந்தியாவில் இந்த மருந்துக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்திருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்வாதாரம் போனபோது, தங்களிடம் இருந்த அறிவையே கூட்டுறவாக மாற்றினார்கள். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதற்கு முன் 2017லேயே அமெரிக்காவின் ஃப்ளோரிடா அவர்களை மலைப்பாம்பு பிடிக்க அழைத்திருந்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக, அதே 1939 சட்டத்தின் கீழ் அறிவித்தது. வயலில் வேலை செய்யும் தலித்துகளும் பிற உழைக்கும் மக்களும்தான் அதிகம் கடிபடுகிறார்கள். நம் மக்களின் உயிரைக் காக்கும் மருந்தின் தொடக்கம் இருளரின் கையில் இருக்கிறது. இந்த நாட்டின் சுகாதாரத்துக்கு இவ்வளவு கொடுத்தவர்கள், தங்களுக்கு ஒரு செவிலியர் வர வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சான்றிதழ் என்னும் பூட்டு

பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றிதழையும் ஒரு காலத்தில் அவரே தந்தார். 1989 நவம்பர் 11க்குப் பிறகு அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. போலிகள் பழங்குடி இடங்களைப் பறித்ததுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னதும் அதே காரணத்தால்தான். இதை நாங்கள் எதிர்க்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் ஒரு பழங்குடி மாணவருக்கான இடத்தை வசதியான ஒருவர் பொய்ச் சான்றிதழோடு எடுத்துக்கொள்வது திருட்டு. அதைத் தடுக்கக் கடுமையான சரிபார்ப்பு வேண்டும்.

ஆனால் அந்தக் கடுமை யார் மீது விழுகிறது? பொய்ச் சான்றிதழ் வாங்குபவரிடம் பணமும் வழக்கறிஞரும் உண்டு. சூளையில் இருக்கும் இருளரிடம் தந்தையின் சான்றிதழ் இல்லை, பள்ளிச் சான்றிதழ் இல்லை, சில சமயம் பிறப்புச் சான்றிதழும் இல்லை. பூசை எப்படி, திருமணச் சடங்கு எப்படி என்று கேட்டு ஒருவரின் பழங்குடித் தன்மையை அளக்கும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. அந்தச் சோதனையை மட்டுமே வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2022 அக்டோபரில் மலைக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காத வேதனையில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார். இந்தத் தாளின் விலை ஓர் உயிர்வரை போகிறது.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்க யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்படும் பணமும் திட்டமும், சான்றிதழ் பெற்றவர்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நகர்கின்றன. இட ஒதுக்கீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஒரே பூட்டைப் போடுவது நியாயமல்ல. இட ஒதுக்கீட்டில் இடங்களுக்கு எண்ணிக்கை உண்டு, ஒருவர் தவறாக எடுத்தால் இன்னொருவர் இழப்பார். தடுப்பூசியும் காசநோய்ப் பரிசோதனையும் அப்படியல்ல. ஏரிக்கரையில் இருபது வீடுகளில் இரண்டு வீடு இருளர் அல்லாதவர் வீடாக இருந்தால், அவர்களையும் சேர்த்துப் பரிசோதிப்பதால் யாருக்கும் நட்டமில்லை, ஊருக்கே லாபம். சுகாதாரத்துக்கு அந்தக் குடியிருப்பே ஆதாரமாக இருக்கட்டும். தனிமனிதரின் தாள் தேவையில்லை.

எண்ணிப் பார்ப்பது முடியாத காரியமா?

சிதறி வாழும் மக்களைக் கணக்கெடுப்பது கடினம் என்பது அதிகாரிகள் சொல்லும் அடுத்த காரணம். இந்த மண்ணில் நின்று அதைச் சொல்லக் கூடாது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில்தான் 1968இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் கள ஆய்வு தொடங்கியது. உலக அளவில் இத்தகைய ஆய்வுகளில் மிகப் பெரியது அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அதை நடத்தியது. வீடு வீடாகப் போய் லட்சக்கணக்கானோரைப் பெயர் எழுதி, ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுப்பதில்லை என்பது உலகத்துக்குத் தெரிய வந்ததில் இந்த மாவட்டத்து மக்களின் உடல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கணினி இல்லாத, கைப்பேசி இல்லாத காலத்தில் ஆராய்ச்சிக்காக இந்த மக்களை ஒருவர் விடாமல் எண்ண முடிந்தது. இன்று சிகிச்சைக்காக எண்ண முடியாதா? திருவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே பூந்தமல்லியில் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. அந்தப் பயிற்சியின் களமாக இருளர் குடியிருப்புகளைக் கணக்கெடுக்க வைத்தால் ஒரு பருவத்தில் முடிந்துவிடும்.

மனம் வைத்தால் தாள்கள்கூட ஒரே நாளில் வரும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு முதலமைச்சர் போனார். நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாம் அங்கேயே வழங்கப்பட்டன. 2022 ஏப்ரலில் ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்புக்கு அவர் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு முதலமைச்சர் வர முடியாது. அவர் வராத இடத்திலும் அதே வேலை நடப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

எந்தத் துறையிடம் கொடுப்பது?

பழங்குடிகளின் உடல்நலத்தைப் பழங்குடித் துறை பார்ப்பதா, சுகாதாரத் துறை பார்ப்பதா என்ற விவாதம் உலகில் புதிதல்ல. அமெரிக்காவில் தொல்குடிகளின் மருத்துவம் நீண்டகாலம் இந்தியர் விவகாரப் பணியகத்தின் கையில் இருந்தது. 1955இல் அதைப் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாற்றினார்கள். 1975இல் வந்த சட்டம், தொல்குடிகள் தங்கள் மருத்துவமனைகளைத் தாங்களே நடத்த வழி திறந்தது. ஆஸ்திரேலியாவில் 1967 வாக்கெடுப்பு வரை, மக்கள்தொகைக் கணக்கில் தொல்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு அரசியலமைப்பிலேயே இருந்தது. 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தொல்குடிகள் தங்களுக்கென்று ஒரு மருத்துவ நிலையத்தைத் தாங்களே தொடங்கினார்கள். ரெட்ஃபெர்ன் ஒரு மலைக்கிராமம் அல்ல, பெருநகரத்தின் நடுப்பகுதி. பிறகு 1995இல் தொல்குடி சுகாதாரத்துக்கான பொறுப்பு தொல்குடி விவகார ஆணையத்திலிருந்து சுகாதாரத் துறைக்குப் போனது.

இரு நாடுகளிலும் தொல்குடிகளின் நிலை இன்னும் சரியாகவில்லை. பணப் பற்றாக்குறையும் பாகுபாடும் தொடர்கின்றன. ஆனாலும் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பொறுப்பும் பணமும் மருத்துவர்கள் இருக்கும் துறையிடம் இருக்க வேண்டும். என்ன செய்வது, எப்படிச் செய்வது என்ற முடிவில் அந்த மக்கள் உட்கார வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் சிட்டிலிங்கியிலும், நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் 1990களின் தொடக்கத்தில் இருந்து பழங்குடி மருத்துவமனைகள் இயங்குகின்றன. அந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்ததுதான் அவற்றின் பலம். ஆனால் இரண்டுமே மலை சார்ந்த இடங்கள். சமவெளி இருளருக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்டால், மறுபடியும் அதே மலைக்கே வந்து நிற்கிறோம்.

நலிவுற்ற பழங்குடிகளுக்காக ஒன்றிய அரசு 2023 நவம்பர் 15 அன்று 24,104 கோடி ரூபாய் மதிப்பில் பி.எம். ஜன்மன் திட்டத்தைத் தொடங்கியது. நடமாடும் மருத்துவக் குழுக்களும் அதில் உண்டு. நிலத்தைப் பார்க்காமல் மக்களைப் பார்த்து வகுக்கப்பட்டதால் சமவெளி இருளருக்கும் அதில் இடமிருக்கிறது. ஆனால் அது மூன்றாண்டுத் திட்டமாக வகுக்கப்பட்டது. வண்டி வந்து போகும், நோய் அங்கேயே இருக்கும். நிரந்தரப் பொறுப்பு ஒரு துறையின் தலையில் இருக்க வேண்டும்.

இதில் நமக்கு என்ன?

தலித் மாணவர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: நம் சேரியின் பிரச்சினையே தீரவில்லை, இருளர் பிரச்சினையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? சட்டத்தில் நம்மையும் அவர்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒன்று. துறை ஒன்று. 2021இல் அமைந்த மாநில ஆணையமும் ஒன்றே. எண்ணிக்கையில் பெரிய நாம் குரல் கொடுத்தால் கேட்கும் இடத்தில், சிதறிக் கிடக்கும் அவர்கள் குரல் கேட்பதில்லை. பெரும்பான்மையின் சராசரியில் சிறுபான்மை மறைந்துபோகும் என்பதுதான் அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன எச்சரிக்கை. அதை நமக்கு மட்டும் பொருத்திக்கொள்வது அம்பேத்கரியம் ஆகாது. அதேபோல, அவர்களுக்காக நாம் பேசுவதும் கூடாது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானோர் உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகக் களத்தில் நிற்கின்றன. அவர்கள் பக்கத்தில் நிற்பதுதான் நம் வேலை.

கையில் எடுப்பதற்குக் கருவியும் இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கித் திட்டமிட வேண்டியது இப்போது சட்டக் கடமை. அதை வைத்து நாம் கேட்க வேண்டியவை நான்கு:

1. திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தெந்த இருளர் குடியிருப்பு எந்தத் துணை சுகாதார நிலையத்தின், எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறது என்ற பட்டியலை வெளியிட வேண்டும்.

2. 'பழங்குடிப் பகுதி'க்கு உரிய சுகாதார அளவுகோலையும் பணியாளர் நியமனத்தையும் போக்குவரத்து உதவியையும் 'பழங்குடிக் குடியிருப்பு'க்கும் நீட்டிக்க வேண்டும். அது மலையில் இருந்தாலும் சரி, நகராட்சிக்குள் இருந்தாலும் சரி.

3. இருளர் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக, தொகுப்பூதியத்தில் அல்லாமல் முறையான ஊதியத்தில் நியமிக்க வேண்டும். சூளைக்குப் போகும் குடும்பத்தின் சிகிச்சைக் குறிப்பு சூளை இருக்கும் பகுதியின் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும்.

4. சுகாதாரத் துறையின் பழங்குடியினர் நிதி ஒதுக்கீட்டில் மலை மாவட்டங்களுக்கு எவ்வளவு, சமவெளி மாவட்டங்களுக்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பிரித்துக் காட்ட வேண்டும்.

முதல் கேள்வியையும் நான்காவது கேள்வியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேட்கலாம், பத்து ரூபாய் போதும். கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. திருவேற்காடு போன்ற நகராட்சிகளில் பகுதி சபை இருக்கிறது. அங்கே இருளர் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் வந்து உட்காரவும் பேசவும் உடன் செல்லுங்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து, சாதிக் கணக்கோடு நடக்கவிருக்கிறது. கணக்கெடுப்பாளர் வரும் நாளில் சூளையில் இருக்கும் குடும்பங்கள் அங்கேயே, இருளர் என்ற பெயரிலேயே எழுதப்படுகிறார்களா என்று பார்க்க வேண்டியது நம் மாணவர்களின் வேலை. அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனால் இன்னும் பத்தாண்டுகளுக்கு எந்தத் துறையும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

ஜெய்பீம்!